இரண்டு வெப்பநிலைகள்

பசோவிட்ஸா. இரவு இரண்டு மணி.
வெளியே போரா காற்று
கார்ஸ்ட் மேட்டின் கற்களை ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்க்கிறது.
லேசர் மேசை மட்டும் எதுவும் கேளாததுபோல்
காற்றுத் தலையணைமேல் மிதக்கிறது.

மாதிரி: தங்கம்.
காதில் போடுகிற தங்கமில்லை.
இருபது நானோமீட்டர்;
விளக்கின்முன் பிடித்தால்
மறுபக்கம் பச்சையாய்த் தெரியும்.

முதல் துடிப்பு விழுகிறது.
எலக்ட்ரான்கள் மட்டும் பற்றிக்கொள்கின்றன:
ஆயிரம் கெல்வின், இரண்டாயிரம்.
அணுக்களுக்குச் சேதியே இன்னும் போகவில்லை.
அறையின் குளிரோடு
நின்ற இடத்தில் சன்னமாய் ஆடிக்கொண்டிருக்கின்றன.
ஒரே உலோகம், ஒரே கணம்,
வெப்பமானி இரண்டு வேண்டும்.

கணம் என்றால் எவ்வளவு என்று ஃபுரியோவைக் கேட்டால்
கண்ணாடியைக் காட்டுவான்.
அதைத் தலைமுடி அகலம் பின்னுக்குத் தள்ளினால்
போய்வர ஒளிக்கு அரைப் பிகோநொடி கூடுதல்.
காலத்தைத் திருகாணியால் அளந்து
சம்பளம் வாங்குகிறவர்கள் நாங்கள்.

ஒரு முடி: எலக்ட்ரான்கள் கொதிக்கின்றன.
இரண்டு, மூன்று: அணிக்கோவை மெல்ல உலுங்குகிறது.
வாங்குகிறவர் கொடுக்கிறவரைவிட
மூன்றரை லட்சம் மடங்கு கனம்.
ஒரு மோதலில் கொசுறுதான் கைமாறும்.
ஆனால் மோதல்களுக்குப் பஞ்சமா என்ன.
கடைசியில் இரண்டு எண்ணும் ஒன்றாகும்.
அதன்பிறகும் கொடுக்கல் வாங்கல் நிற்பதில்லை,
கணக்கில் தெரியாது, அவ்வளவுதான்.

"நெவென்கா, கிரெனோபிளில் வேலை கிடைத்துவிட்டது.
பிப்ரவரியோடு கிளம்புகிறேன்."
திருகாணியைத் திருப்பிக்கொண்டே சொன்னான்.
ஏழு வருட இரவுப்பணி.
சர்க்கரை கலக்க எங்கள் இருவருக்கும் ஒரே கரண்டி.

"நல்லது" என்றேன்.
புள்ளி நாற்பத்தேழு, மணி மூன்று பத்து
என்று ஏட்டில் எழுதினேன்.
கையெழுத்து நேராகவே இருந்தது.

பிறகு அவன் ஈயத்தைப் பற்றிப் பேசினான்
(பேச எதுவும் இல்லாதபோது ஈயம்தான்).
மின்னோட்டத்துக்கு அது முரடு;
ஒவ்வோர் எலக்ட்ரானையும் அணுக்கள் இழுத்துப்பிடித்து விசாரிக்கும்.
அந்தப் பிடிப்பாலேயே
கடுங்குளிரில் தடையே இல்லாமல் ஆகிவிடும்.
தங்கம் எல்லோரையும் சுலபமாய்ப் போகவிடும்.
எவ்வளவு குளிர்வித்தும்
அதற்கு இதுவரை அந்த வரம் வாய்த்ததில்லை.

உவமை சொல்கிறாயா என்று கேட்கவில்லை.
அவனுக்கு உவமை வராது.
புள்ளி எண்பதில் நிறுத்தினோம்.
கரண்டியைக் கழுவினேன்.

ஒப்பிச்சினா சிக்னலில் சிவப்பு.
எஞ்சினை அணைத்துவிட்டேன்.
காற்றும் அந்த வளைவில் இல்லை.
கியர்மேல் இருந்த கை நடுங்கியது,
பிறகு முழங்கை, பிறகு தோள்,
தாடை.

மணி பார்த்தேன், பழக்கதோஷம்.
நான்கு ஐம்பத்திரண்டு.
தாமதம்:
ஒரு மணி நாற்பத்திரண்டு நிமிடம்.

பச்சை விழுந்தது.
பின்னால் ரொட்டி வண்டி
இரண்டு முறை ஹாரன் அடித்தது.