கார்தூஷ்

"இதே பெயரில் இன்னொரு கணினி
இந்த வலையமைப்பில் உள்ளது" என்றது திரை.
சேன்-ஆந்த்ரே, ஷாம்-போர்ன். மழை விடாத மார்ச்.
கடலுக்கும் கரும்புக்கும் நடுவே மாடிவீடு.
கீழே நான். மேலே அண்ணன்.

மூன்று வருடமாய்ப் பேச்சில்லை.
கூரைத் தகரத்தைப் புயல் கொண்டுபோனது,
காப்பீட்டுப் பணம் வந்தது,
அவன் கணக்கு ஒன்று சொன்னது, என் கணக்கு ஒன்று.
மின்மானியைப் பிரித்தோம். தண்ணீர்க்குழாயைப் பிரித்தோம்.
கேட்டுக்குக்கூட இரண்டு பூட்டு.
பிரிக்காமல் விட்டது, மாடிப்படிக்கு அடியில்
கண் சிமிட்டும் ரூட்டரை மட்டும்.
இன்னொரு இணைப்புக்கு மாதம் நாற்பது யூரோ தர
இருவருக்கும் மனம் வரவில்லை.
ஒன்றாம் தேதி என் பங்கு உறையில் படிமேல் இருக்கும்,
மறுநாள் இருக்காது. அவ்வளவுதான் உறவு.

முதலில் ரூட்டரைத்தான் சந்தேகித்தேன்.
அணைத்து, முப்பது எண்ணி, திரும்பப் போட்டேன்.
மேலே நாற்காலி கோபமாய் இழுபட்டது.
எச்சரிக்கை போனது,
மறுநாள் காப்பிக்கு வந்துவிட்டது.
வலையில் யார் யார் என்று பட்டியல் எடுத்தேன்:
என் போன், மகளின் போன், பிரிண்டர், நான்,
அப்புறம், நானல்லாத நான்.
கார்தூஷ்.

எங்கள் நாயின் பெயர்.
பிரெஞ்சில் தோட்டா என்று அர்த்தம்,
கேட் திறந்தால் அப்படித்தான் பாயும்.
பிரிண்டரில் போடும் மைக்குடுவைக்கும் அதே சொல்.
அது செத்த வாரத்தில் பிரிண்டர் சொன்னது:
கார்தூஷ் தீர்ந்துவிட்டது, புதிது மாற்றவும்.
அன்றைக்கு நான் எதையும் அச்சடிக்கவில்லை.
குழி வெட்டியது அவன். மண் தள்ளியது நான்.
அப்போதும் பேசவில்லை.
அவனுமா தன் பெட்டிக்கு அந்தப் பெயரை வைத்தான்,
எந்த ராத்திரியில்?

நகராட்சியில் அவன் ரோலான்,
கோயிலில் வேலாயுதன்.
ஓர் ஆளுக்கு இரு பெயர், இந்தத் தீவில்
யாருக்கும் அது பிழையில்லை.
இரு பெட்டிக்கு ஒரு பெயர் என்றதும்
மஞ்சள் முக்கோணம் போட்டு அலறுகிறது.

விதியைத் தேடிப் படித்தேன்:
முதலில் விழிக்கும் பெட்டிக்கே பெயர் சொந்தம்,
பிந்தியது வாசலில் நிற்கும்.
சரி என்று நாலரைக்கு எழுந்தேன். பெயர் எனது.
ஏழு மணிக்கு மேலேயிருந்து
க்ரெயோல் வசவு ஒன்று விழுந்தது, தேங்காய் விழுகிற மாதிரி.
மறுநாள் நாலரைக்கு அவன் ஜன்னலில் வெளிச்சம்.
நான் நாலுக்கு. அவன் மூன்றே முக்காலுக்கு.
வெள்ளிக்கிழமை அணைக்காமலே படுத்தேன்,
அவனும் அப்படித்தான் போல.
இரவு மின்சாரம் போய், விடியலில் வந்தபோது
இரண்டும் ஒரே நொடியில் எழுந்து
இரண்டும் "அது நான்" என்று கூவி
இரண்டும் தோற்றன.

பெயர் மாற்றுவது சின்ன வேலைதான்.
பதினைந்து எழுத்துக்குள் இருக்க வேண்டும்,
இடைவெளி கூடாது.
கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
வேறு பெயர் எதுவும் வரவில்லை எனக்கு.
கடைசியில், இருந்ததன் வாலில் ஒரு 2 ஒட்டினேன்.
மூத்தவன் அவன்,
எண் போடாத பெயர் அவனுக்கே போகட்டும்.
மறுதொடக்கம்.

"இதே பெயரில் இன்னொரு கணினி..."

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பட்டியலைத் திறந்தேன்.
கார்தூஷ்2.
கார்தூஷ்2.
எண்ணில்லாத பெயர்
எடுப்பாரில்லாமல் காலியாய்க் கிடந்தது.

மேலே நாற்காலி மெதுவாய்ப் பின்னால் போனது.
காலடி அறையைக் கடந்து
படிக்கட்டின் உச்சியில் நின்றது.
நான் ரூட்டர் பக்கத்தில், கீழ்ப்படியில்,
இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒன்று தொண்டையில்.

"இப்ப மூணு யாரு?" என்றான்.