பதினோராம் நாள் அறிக்கை

வானொலி சொல்கிறது:
திருத்தந்தை இரவு அமைதியாக உறங்கினார்.

எர்மெலிண்டா நம்பவில்லை.
நுரையீரல் கெட்டவர்கள் அப்படி உறங்குவதில்லை.
கர்ராரா சுரங்கத்தில் பளிங்குத்தூள் தின்ற கணவனோடு
ஒன்பது குளிர்காலம் விழித்திருந்தவள்.

மாலைத் திருப்பலிக்கு ஏழு பேர்.
ஹீட்டர் பழுது.
கூரைக்கென்று வைத்த உண்டியலில்
யாரோ சட்டைப் பொத்தானைப் போட்டிருக்கிறார்கள்.

"எங்கள் திருத்தந்தை..." என்று தொடங்கி
செவெரினோ சாமியார் நிறுத்துகிறார்,
அந்தப் பெயர் இன்னும் செல்லுமா என்பதுபோல்.
பிறகு சொல்கிறார், சற்றே உரக்க.

அவள் செபமாலையை எடுக்கவில்லை.
கையுறைக்குள் விரல் மடக்கி
ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு என்று எண்ணுகிறாள்,
அந்தக் கட்டிலருகே எண்ணியதுபோலவே.

மணிக்கயிறு அசையாமல் தொங்குகிறது.
அதைப் பார்க்காமலிருக்க
எல்லோரும் மெழுகுவர்த்தியைப் பார்க்கிறார்கள்.