ஹேன்

கயானியில் நவம்பர் மாதம்
மூன்று மணிக்கே விளக்குப் போட்டாக வேண்டும்.
ராத்திரி முழுக்கப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற மர்யுக்கா
கிளம்புமுன் ரை ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி கேட்டாள்:
"யாரோ இருக்காப்ல தெரியுதே?"
வென்லாவுக்குப் பதினாறு. காது மடல் சுட்டது.
"இருக்கு" என்றாள்.

பின்லாந்துக்காரர்களுக்கு அவனும் கிடையாது, அவளும் கிடையாது.
இரண்டுக்கும் ஹேன்தான்.
ஹேனுக்கு இடதுகைப் பழக்கம்.
ஹேனுக்குப் பூனை முடி ஆகாது.
சிரித்தால் ஹேனுக்கு நடுவில் ஒரு விக்கல்.
(வினைமுற்று வராமல் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.
கடைசி எழுத்தில் போட்டுக் கொடுத்துவிடும் என் மொழி.)

குளிர்காலம் பாதி அந்தச் சொல்லுக்குள் கழிந்தது.
பொய் ஒன்றுகூடச் சொல்லவில்லை வென்லா.
அதுதான் உறுத்தியது.

போன வருஷம் பள்ளி விழாவில்
ஏத்துவோடு ஆடிப் பார்த்திருக்கிறாள்.
நல்ல பையன். உள்ளங்கையெல்லாம் வியர்வை.
அவன் தோளுக்கு மேலாகக் கூரை விளக்குகளை எண்ணினாள்,
இருபத்தேழு.
தனக்கு இருப்பது ஜலதோஷம் மாதிரி,
வசந்தத்தில் போய்விடும் என்று நினைத்தாள்.
வசந்தம் வந்தது. ஏரியில் பனிப்பாளம் உடைந்தது.
பேருந்தில் பக்கத்து இருக்கையில் அதே விக்கல் சிரிப்பு.
ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து
ஓ, இதுதானா, என்றாள்.
பயமாக இருந்தது.
பசிக்கவும் செய்தது.

பிப்ரவரியில் மர்யுக்கா சாம்பல் நிறக் கம்பளி நூல் எடுத்தாள்.
"காலுறை பின்னறேன். பையனுக்குக் கால் அளவு என்ன?"

பையன்.
இதற்குத் தலையாட்டினால் இதுதான் முதல் பொய்.

"முப்பத்தெட்டு."
"சின்னக் காலா இருக்கே."
ஃப்ரிட்ஜ் உறுமி ஓய்ந்தது.
"ஸைமி. பேரு ஸைமிம்மா."

மர்யுக்கா ஊசியை உருவினாள்.
சரசரவென்று நூலைப் பிரித்தாள்,
ஒரு முழம், இன்னும் ஒரு முழம்.
வென்லாவுக்குத் தொண்டை அடைத்தது.
"நாற்பத்துமூணுக்குப் போட்டுத் தொலைச்சிருக்கேன்"
என்றாள் மர்யுக்கா, நிமிராமல்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். வேறெதுவும் பேசவில்லை.
வண்டிக்கு நேரமாகிவிட்டது.

இனி எனக்கும் தடையில்லை:
சனிக்கிழமை ஸைமி வந்தாள்.
பூட்ஸைக் கழற்றினாள், இடது கால் முதலில்.
பூனையைப் பார்த்தாள்,
தும்மினாள், சிரித்தாள்,
விக்கினாள்.