இருபத்தெட்டு டிகிரி

என் குளியலறைக் கூரையில் பழுப்பாக ஒரு கறை.
மூன்று முறை சுண்ணாம்பு அடித்தும்
மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மேல்மாடி ராதிம்
உருக்காலையிலேயே குளித்துவிட்டு வருகிறவன்.
அவன் தொட்டியில் மிலாடா இருக்கிறாள்.
மஞ்சள் அனகோண்டா, மூன்று மீட்டர்.
தண்ணீரிலேயே கிடப்பவள், அதிலேயே கழிப்பவள்.
உடனே மாற்றாவிட்டால்
வயிற்றுச் செதில்கள் கொப்புளம் கட்டுமாம்.
இரவு இரண்டு மணிக்கு
என் சுவருக்குள் கடகடவென்று இறங்கும்
அவள் அழுக்கு.
துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பேன்.
மேலிருந்து ஒரே ஒரு தட்டு.
மன்னிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜனவரியில் ஆஸ்ட்ராவா உறைந்துபோய்
தெருக்குழாய் வெடித்தது.
இரண்டு நாள் தண்ணீர் வராது என்று
கீழ்வாசலில் ஒட்டியிருந்தார்கள்.
நான் தொட்டியை நிரப்பி வைத்தேன்.
இரவு ஷிப்ட் முடிந்து வந்தவன்
கதவில் நின்றான், காலி வாளியோடு.
"கண் நீலம் பாய்ந்துவிட்டது, வ்லாஸ்தா அம்மா.
சட்டை உரிக்கப் போகிறாள்.
இன்று பார்த்துத் தொட்டியை நாசமாக்கிவிட்டாள்.
காய்ந்தால் தோல் கண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும்."

கணக்குப் போட்டுப் பார்த்தோம்.
இருபது வாளி மேலே ஏறுவதைவிட
ஒரு பாம்பு கீழே இறங்குவது சுலபம்.

கெட்டில், சூப் பாத்திரம், ஜாம் காய்ச்சும் அண்டா
எல்லாம் அடுப்பில்.
இருபத்தெட்டு டிகிரி என்றான்.
முழங்கையை விட்டுப் பார்த்தேன்.
முழங்கைக்கு இந்த வேலை வந்து
முப்பத்தோரு வருஷம் ஆகிறது.

என் இறகுப் போர்வையில் சுற்றி
படிக்கட்டில் இறக்கினோம்.
தலை அவனிடம், வால் என்னிடம்.
வழுக்கும் என்று நினைத்திருந்தேன்.
இல்லை,
உள்ளே ஆள் இருக்கும் மழைக்கோட்டு.

தண்ணீர் பட்டதும் கனம் குறைந்தது அவளுக்கு.
மூக்கு மட்டும் மேலே.
ராதிம் துவைக்கும் இயந்திரத்தில் சாய்ந்து
பூட்ஸோடு தூங்கிப்போனான்.
நானும் அவளும்தான் விழித்திருந்தோம்.
பால் படிந்த கண்ணால்
என் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
கறை இருக்கும் இடத்தையே.
மணிக்கொரு தரம் ஒரு செம்பு வெந்நீர் விளாவினேன்.
திட்டக்கூட இல்லை.

மறுநாள் சாயங்காலம் குழாய் இருமி
துருத் தண்ணீர் துப்பியது.
போர்வையோடு கொண்டுபோனான்.
போர்வை இன்னும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து
உரித்த சட்டையை எடுத்து வந்து காட்டினான்.
கிழிசல் இல்லை.
தலைப்பக்கம் வெளிச்சத்தில் பிடித்தான்:
இரண்டு சின்னக் கிண்ணங்கள்,
காலியாக, தெளிவாக.

நேற்றும் இரண்டு மணிக்கு இறங்கியது.
இடித்தேன்.
தட்டினான்.
சுண்ணாம்புக்குப் பாதிப் பணம் தருகிறேன் என்றிருக்கிறான்.
தரட்டும்.