உத்தரவாதம்

தெற்கு ஜன்னல் பதினோராம் வருஷமே போய்விட்டது.
இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் மூட்டம்.
உள்ளிருந்து சிக்னே துடைக்கிறாள்,
வெளியே ஏணியில் நின்று ஆர்விட்.
இருவர் துணிக்கும் எட்டாத இடத்தில் அழுக்கு.

'வெயில்தான்' என்கிறான் அளவெடுக்க வந்தவன்.
'கோடையில் வினைல் உப்பும், துலூத் ஜனவரியில் சுருங்கும்.
ஓரத்து ரப்பர் எத்தனை நாள் தாங்கும்?'
உள்ளிருந்த வாயு எப்போதோ கசிந்துவிட்டதாம்;
ஏரிக்காற்றோடு போயிருக்கும், சத்தமில்லாமல்.

வடக்கு ஜன்னல் மட்டும் புதுசு போல.
அதன் வழியே தெரிவது
பக்கத்து வீட்டு கராஜ் சுவர்.

புதியதற்கு இருபது வருஷ உத்தரவாதம்.
வீடு கைமாறினால் செல்லாது.
ஆர்விட் பேனாவைத் திறக்கிறான்.
சிக்னே
மங்கலாய் நகரும் தாதுக்கப்பலின் விளக்குகளை
எண்ணி முடிக்காமலே,
'எனக்கு இதுவே பழகிவிட்டது' என்கிறாள்.