நீலக் கோடு

நாளை பத்தரைக்கு கிளேர் எஸ்டேட்டில் தகனம்.
ஒன்பதுக்குள் நூற்றைம்பது கையேடு வேண்டும்,
அட்டையில் அவர் சிரிக்க வேண்டும்.
மகள் சலோஷினி அனுப்பிய படங்கள்
இரண்டரை ஜிபி, ஒரே மூட்டை.
சாட்ஸ்வர்த்தில் பத்து மணிக்குக் கரண்ட் போகும்.
அந்த அட்டவணை மட்டும் இந்த ஊரில் பொய் சொன்னதில்லை.

எட்டு நாற்பதுக்கு டவுன்லோடை அழுத்தினேன்.
பதினாறு சதவீதத்தில்
லேப்டாப்புக்குள் ஒரு விமானம் கிளம்பியது.
அடிப்பக்கம் தோசைக்கல்.
மவுஸ் அம்பு, இழுத்த பக்கம்
யோசித்து யோசித்து வந்தது.

டாஸ்க் மேனேஜர்.
பிரவுசர்: தொண்ணூற்றேழு.
வருவதோ சொட்டுச் சொட்டாய்.
சொட்டுப் பிடிக்கவா இத்தனை மூச்சிரைப்பு?

தள்ளுபடி தேடித் தருகிறேன் என்று வந்து
ஒரு ராண்டும் மிச்சம் பிடிக்காத எக்ஸ்டென்ஷனை
வெளியே அனுப்பினேன்.
ப்ரெனோலன் எப்போதோ மாட்டிவிட்ட பந்தாட்ட ஸ்கோர், அதையும்.
பதினோரு டேப், அதில் ஆறு காகித விலை.
தொண்ணூற்றைந்து.
வாசலில் நின்று ஒவ்வொரு துணுக்கையும்
மோந்து பார்க்கிறதோ என்று
ஆன்டிவைரஸைக் கொஞ்சம் உட்காரச் சொன்னேன்.
எண்பத்தொன்பது. உடனே தொண்ணூற்றாறு.
கேஷைத் துடைத்தேன்.
லாகின் எல்லாம் போயிற்று, சூடு போகவில்லை.

ஒன்பது இருபதுக்கு அவள் அழைத்தாள்.
"வந்துருச்சா அங்கிள்?"
"வந்துகிட்டே இருக்கும்மா."
பிறகு நான் கேட்காமலே சொன்னாள்:
ஆஸ்பத்திரியில் பதினோரு நாள்,
முறை வைத்து உட்கார்ந்தோம்,
அந்தப் பச்சைக் கோட்டை விட்டுக் கண் எடுக்கவில்லை,
எல்லோரும் டீக்குக் கீழே இறங்கிய கால் மணியில்

அங்கேயே விட்டுவிட்டாள்.
"பிரிண்ட் தெளிவா வரும்மா" என்றேன்.
வேறென்ன தெரியும் எனக்கு.

பேச்சுக்கிடையில் கை எதையோ தட்டியிருக்கிறது.
டவுன்லோட் பெட்டி மூடிக்கொண்டது.
விசிறி அடங்கியது.
செத்துவிட்டது என்று பதறித் திறந்தேன்: இரைச்சல்.
மூடினேன்: அமைதி.
இன்னொரு முறையும் செய்து பார்த்தேன்,
லைட் சுவிட்சோடு விளையாடும் பிள்ளை மாதிரி.

அந்த நீலக் கோடுதான்.
மயிரிழை நகர்வதற்கு நொடிக்கு அறுபது தடவை
தன்னைத் தானே வரைந்துகொண்டிருந்தது.
பக்கத்தில், நாற்பது நிமிடம்,
இல்லை முப்பத்தெட்டு, இல்லை ஒன்றரை மணி.
படங்களால் ஒரு பாரமும் இல்லை.
நான் பார்க்கவென்றே அத்தனை வேலை.

கடைக்கு வெளியே போய் நின்றேன்.
எதிர் டேக்அவேயில் மேசைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.
மலைச்சரிவில் வீட்டுக்கு வீடு விளக்கு.
உள்ளே எட்டிப் பார்க்காமல்
இரண்டு சிகரெட் நேரம்.

ஒன்பது ஐம்பத்திரண்டு. வந்திருந்தது.

பத்துக்கு எல்லாம் இருண்டது.
பன்னிரண்டுக்குத்தான் பிரிண்டருக்கு உயிர்.
பேட்டரி வெளிச்சத்தில் படங்களைத் தள்ளினேன்:
கல்யாணங்கள், புது டொயோட்டா, காவடி, கேக்.
நூற்றுப் பதினெட்டாவதில்
பாறைமேல் தூண்டிலோடு நிற்கிறார்.
யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், திரும்பவில்லை.
காதும் கன்னமும் மட்டும்,
கன்னத்தில் பாதிச் சிரிப்பு.

அட்டைக்கு அதை வைத்தேன்.