பதினேழு சதவீதம்

எங்கள் நெல்லுக்கு எண்பத்தாறாம் டோக்கன்.
எனக்குத் திங்கட்கிழமை வேதியியல்.

கொள்முதல் நிலையத்துக்கு வெளியே
பாமணியாற்றுக் கரை வரைக்கும்
தார்ப்பாய் போர்த்திய அம்பாரங்கள்.
ஐந்து நாளாய் அப்பாதான் காவல்.
இன்று அவருக்குக் காய்ச்சல்,
மாத்திரை போட்டுக்கொண்டு
டிரெய்லருக்கு அடியில் சுருண்டிருக்கிறார்.
எடைமேடை விளக்கு ஒன்றுதான் விடிய விடிய எரியும்.
அதன் கீழே நானும்
இரண்டாம் தொகுதியும்.
எட்டாம் பாடம், அயனிச் சமநிலை.

ஹைட்ராக்சைடு மேல் ஈசல் ஒன்று விழுகிறது.
ஊதினேன். இறக்கை மட்டும் போனது.

மூன்றே முக்காலுக்கு ரஹ்மத் நிஷா போன்.
கூத்தாநல்லூரில் சஹருக்கு எழுந்தவள்,
வாயில் சோறோடு கேட்கிறாள்:
"முதல் வகை வினை. அரை வாழ்வு காலம்?"
"தொடக்கச் செறிவைப் பொறுத்ததில்லை."
"அப்ப எதப் பொறுத்தது?"
"கே-ய மட்டும்."
"பாஸ்டி நீ" என்று தண்ணீர் குடிக்கிறாள்.
அந்த மடக்கு எனக்குக் கேட்கிறது.

பதினேழுக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள்.
முதல் நாள் பத்தொன்பது புள்ளி நாலு.
சாலையில் பரப்பி, காலால் துழாவி,
பஸ் வரும்போதெல்லாம் ஒதுங்கி,
சாயங்காலம் பதினேழு புள்ளி எட்டு.
விடிந்தால் பனி குடித்து மறுபடி பத்தொன்பது.
பகலில் முன்னோக்கு வினை,
இரவில் பின்னோக்கு.
மீள்வினைக்கு எடுத்துக்காட்டு தருக என்றால்
இதை எழுதலாமா, மார்க் போடுவார்களா?

அடுத்தது தாங்கல் கரைசல்.
சிறிதளவு அமிலம் சேர்த்தாலும்
சிறிதளவு காரம் சேர்த்தாலும்
பிஎச் மதிப்பு மாறாது.
சிறிதளவு என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது.
ஐந்து நாள் என்று இல்லை.

நாலு குவியல் தள்ளி சித்தப்பாவின் நெல்.
டோக்கன் எண்பத்திரண்டு.
வாய்க்கால் மடை ஒன்றுக்காக
ஆறு வருசமாய்ப் பேச்சில்லை.
ஊரில் அதற்கு மனத்தாங்கல் என்று பெயர்.
அதுவும் ஒரு தாங்கல்தான் போல,
என்ன ஊற்றினாலும் மாறவே மாறாமல்.

முதல் சொட்டு புத்தகத்தில் விழுந்தது.
மாசியில் மழையா என்று நிமிர்வதற்குள்
காற்று தார்ப்பாயைத் தூக்கிவிட்டது.
ஒரு முனையில் ஏறி உட்கார்ந்தால்
மறுமுனை படபடக்கிறது.
"அப்பா" என்று கத்தினேன்.
டிரெய்லருக்கு அடியில் இருமல்.

திடீரென்று மறுமுனை அடங்கியது.
கைலியை மடித்துக் கட்டி
அதன்மேல் குந்தியிருந்தான்
சித்தப்பா மகன் குணாளன்.
இடுப்பில் பாலிதீன் பை,
பைக்குள் அதே இரண்டாம் தொகுதி.
அவனுடைய நெல்லின் மேல்
சித்தப்பாவும் சித்தியும் ஆளுக்கொரு பக்கம்.
யார் அனுப்பினார்கள் என்று
அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

முக்கால் மணி நேரம் மழை.
இரண்டு பேரும் நெல்லின் மேல்
நனைந்த கோழிகள் மாதிரி.
பல் தந்தியடிக்க அவன்தான் முதலில்:
"முப்பத்து மூணு கட்டாயக் கேள்வி...
எந்தப் பாடத்துலேந்து வரும்?"
"கணக்குதான் வரும். ஏழாம் பாடம் பாத்துக்க."
"ஏழா" என்றான்,
அதைப் படிக்காதவன் குரலில்.

விடிந்ததும் போய்விட்டான்.
அவன் உட்கார்ந்த இடத்தில்
நெல்லில் ஒரு குழி.
காய்ச்சல் விட்டு எழுந்த அப்பா
அதைப் பார்த்தார், பிறகு
நாலு குவியல் தள்ளிப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல்
கையாலேயே நிரவிவிட்டார்.

பத்து மணிக்கு மீட்டர் வைத்தார்கள்.
பதினெட்டு புள்ளி ஒன்பது.
"நாளைக்குப் பாப்போம்."

நெல்லைப் பரப்பினோம்.
அதன் ஓரத்தில் எட்டாம் பாடத்தையும்
விரித்து வைத்தேன்.
உப்பிப்போய், இரண்டு மடங்கு கனத்தோடு,
மையெல்லாம் ஊதாவாகி.

மதியம் நிஷா மறுபடியும் போன்.
"தாங்கல் திறன் முடிச்சிட்டியா?"
"பக்கம் ஒட்டிக்கிட்டிருக்குடி.
இப்பப் பிரிச்சா கிழிஞ்சுரும்.
இன்னும் கொஞ்சம் காயட்டும்."